நீ வளர்த்த கரப்பான்கள்

தம்பி,

இன்று காலை கயிறு மில்லிலிருந்து ஒரு மூட்டை நார்த்தூள் வந்தது. முற்றத்தில் கொட்டி, தண்ணீர் தெளித்துக் கையால் பிசைந்தபோது அந்த வாசனை எழுந்தது. மழையில் ஊறிய தேங்காய் மட்டையின் வாசனை. நீ இருந்தவரை உன் சட்டையெல்லாம் இதே வாசனைதான் அடிக்கும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. கையைத் தூளுக்குள் வைத்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தூள் கொண்டுவந்த ஆள், "மாடித் தோட்டமாக்கா?" என்று கேட்டான். "இல்லப்பா, கரப்பான் பூச்சிக்கு" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். நான் விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்திருப்பான்.

உன் மச்சான் இறந்து நான் பட்டுக்கோட்டைக்கு, நம் வீட்டுக்கே திரும்பி வந்த மறுவருடம் நீ சிங்கப்பூர் வேலையை விட்டு வந்தாய். எனக்குத் தையல் மிஷின், உனக்கு அப்பாவின் தென்னந்தோப்பு. கல்யாணப் பேச்சை யார் எடுத்தாலும் சிரித்தே மழுப்பிவிடுவாய். வீட்டுக்குப் பின்னால் தோப்பு ஷெட்டில் கண்ணாடித் தொட்டி கட்டி ஓர் அரோவானா மீன் வளர்த்தாய். உயிருள்ள பூச்சி கொடுத்தால் அதற்கு நிறம் ஏறும் என்று யாரோ சொல்ல, சென்னையிலிருந்து பஸ் பார்சலில் ஒரு டப்பா வந்தது.

"என்னடா இது?"

"கரப்பான்க்கா. மடகாஸ்கர் கரப்பான். மீனுக்குத் தீனி."

"நான் வெளக்கமாத்தால அடிச்சு வெளிய தள்றத நீ பஸ்ல வரவழைக்கிறியா?"

கட்டைவிரலை விடப் பெரியவை. இறக்கை கிடையாது. புளியங்கொட்டையைத் தேய்த்து மெருகேற்றினால் வரும் நிறம். நீ ஒன்றை எடுத்துத் தொட்டிக்கு மேலே பிடித்தாய். கீழே மீன் வாயைத் திறந்து காத்திருந்தது. உன் விரல்களுக்கு நடுவில் அது சீறியது. சைக்கிள் ட்யூபில் காற்றுப் பிடுங்கினால் வருமே, அந்தச் சத்தம். நீ கையை இழுத்துக்கொண்டாய்.

"திட்டுதுக்கா" என்றாய்.

அன்று மீனுக்குக் காய்ந்த இறாலே கிடைத்தது. பூச்சிகளுக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி வந்தது. மூடியை அறுத்து வலை ஒட்டினாய். அடியில் நார்த்தூள் பரப்பி, முட்டைக்கடையில் வாங்கிய அட்டைகளை அதில் செங்குத்தாக நிறுத்தினாய். ஏறி வெளியே வராமலிருக்க விளிம்பில் வாஸ்லின் தடவினாய். அவை குட்டி போடும், பெருகும் என்று நீ சொன்னபோது, அடுப்படிப் பக்கம் ஒன்று வந்தாலும் அன்றைக்கே எல்லாவற்றையும் வாய்க்காலில் கொட்டிவிடுவேன் என்றேன். "இது நம்ம வீட்டுக் கரப்பான் இல்லக்கா. இதுக்கு நம்ம அடுப்படியே புடிக்காது" என்றாய். ஆனாலும் நான் கேரட் சீவினால் தோல் அங்கேதான் போகும். பூசணி வாங்கினால் குடல் அங்கே.

ஒருநாள் மத்தியானம் தைத்துக்கொண்டிருந்தபோது ஷெட்டிலிருந்து உன் குரல் கேட்டது. சத்தம் போடாமல், அவசரமாகக் கூப்பிட்டாய். "அக்கா, வா. பேசாம வா."

அட்டையில் ஒன்று அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகில் நேராக ஒரு கோடு பிளந்தது. பிளவுக்குள்ளிருந்து வெள்ளையாக ஏதோ மெல்லப் பிதுங்கியது. நுங்கின் வெள்ளை. கண் மட்டும் கறுப்பு. தலை வந்தது. பிறகு ஊசிக் காதிலிருந்து நூலை உருவுவதுபோல ஒவ்வொரு மீசையாக உருவியது. ஆறு கால்களையும், அவற்றின் முட்களையும், நுனி நகங்களையும் எங்கேயும் கிழியாமல் வெளியே எடுத்தது. முப்பது வருடமாகத் துணியோடு பழகியவள் நான். உடம்புக்கு இவ்வளவு பொருந்தின ஓர் உடையை இவ்வளவு பத்திரமாகக் கழற்றி வைத்ததை அதற்கு முன் கண்டதில்லை. பழைய தோல் கண்ணாடித் தாள் மாதிரி தொங்கியது. கொஞ்சம் ஓய்ந்து, அது திரும்பி அந்தத் தோலையே தின்றது.

"எதையும் வீணாக்காது" என்றாய். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது பழையபடி பழுப்பாகி, மற்றவற்றில் எது என்று தெரியாமல் கலந்திருந்தது. மிஷினில் மாட்டிவைத்த ரவிக்கை அப்படியே இருந்தது.

அதன் பிறகு நான் பெட்டியைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். தொடத்தான் மனம் வரவில்லை. ஃபாதர் நம் வீட்டை மந்திரிக்க வந்த வருடம் நினைவிருக்கிறதா? அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து முடித்ததும், "இதையும் மந்திரிச்சிடுங்க ஃபாதர்" என்று ஷெட்டுக்குக் கூட்டிப்போய் மூடியைத் திறந்துவிட்டாய். துளி பட்டதும் பெட்டி முழுக்கச் சீறியது. ஃபாதர் இரண்டடி பின்னால் போனார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "வாயால கத்தலையே, சத்தம் எங்கேருந்து வருது?" என்றார். விலாவில் இருக்கிற மூச்சுத் துவாரத்தால் சீறுகிறது என்று நீ காட்டினாய். அவர் வெகுநேரம் நிமிரவில்லை. அடுத்த வீட்டில் காத்திருக்கிறார்கள் என்று அவரோடு வந்திருந்த கோயில்பிள்ளைதான் அழைத்துப்போனார்.

பிறகு அந்தப் புயல்.

விடிந்து கதவைத் திறந்தபோது வானம் அதிகமாகத் தெரிந்தது. அப்பா வைத்த மரங்கள், நீ உரம் போட்ட மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன. நின்றவற்றில் பாதிக்குக் கொண்டை இல்லை. ஷெட்டின் கூரைத் தகடுகள் உள்ளே விழுந்து தொட்டி உடைந்திருந்தது. மீன் தரையில் கிடந்தது. நீ அதைத் துணியில் சுற்றிப் புதைத்துவிட்டு, விழுந்த மரம் ஒன்றின்மேல் போய் உட்கார்ந்தாய்.

அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. பேசவுமில்லை. கரண்ட் கிடையாது, ரோட்டில் மரம், வெளியிலிருந்து யாரும் வர முடியவில்லை. தெருப் பெண்கள் என்னிடம் வந்து, பக்கத்து ஊர்களில் தோப்பு போனவர்கள் சிலர் என்ன செய்துகொண்டார்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள். கேட்டதும் எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது. தென்னை வண்டுக்கு அடிக்கிற மருந்து ஷெட்டில்தான் இருக்கிறது.

நீ அந்தப் பக்கம் போகுமுன் நான் போனேன். சாய்ந்து கிடந்த தகடுகளுக்கு அடியில் குனிந்து நுழைந்து, கையால் துழாவி, அந்த டப்பாவைக் கண்டெடுத்து முந்தானையில் சுற்றினேன். நகர்வதற்காகத் தோளால் ஒரு தகட்டை முட்டியபோது காலடியில் அந்தச் சீறல் கேட்டது.

பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. நார்த்தூள் ஊறிச் சேறாகக் கிடந்தது. அட்டைகள் கரைந்து கூழாகியிருந்தன. அத்தனை பெரிய காற்று நெஞ்சு பருத்த மரங்களை வேரோடு பிடுங்கிப் போட்டிருக்கிறது. என் விரல் அழுத்தினால் நசுங்கும் இவை உயிரோடு இருந்தன. கரையாமல் மிஞ்சிய ஓர் அட்டையின் காய்ந்த ஓரத்தில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. நான் யோசிக்கவில்லை. கையை உள்ளே விட்டு அந்த அட்டையோடு தூக்கினேன். ஒரு தாய் உடம்பைத் தரையிலிருந்து உயர்த்தி நின்றது. அதன் வயிற்றுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக அரிசிபோல நகர்ந்தன.

"தம்பி, இங்க வாடா" என்று கத்தினேன். "இதுங்க உசுரோட இருக்குடா."

நீ வந்தாய். மண்டியிட்டாய். வெகுநேரம் பார்த்தாய்.

"குட்டி போட்டிருக்குக்கா" என்றாய். "வெள்ளையா இருக்கு பாரு. இப்பதான் பொறந்திருக்கு."

"இந்த அமளியிலயாடா?"

"அதுக்கு நேரம் வந்துடுச்சு." பிறகு கேட்டாய்: "திங்க என்ன இருக்கு?"

சாய்ந்த வாழையில் அடிபட்டுப் பழுத்த ஒரு பழம் இருந்தது. நீ அதைப் பிட்டு ஒரு துண்டைத் தாயின் பக்கத்தில் வைத்தாய். மீதி கையில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வாயில் போட்டாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முந்தானைக்குள் இருந்ததைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் பூட்டச் சொல்லிவிட்டு வந்து, உலை வைத்தேன்.

வாரங்கள் போய்க் கரண்ட் வந்தது. மரங்களை அறுத்து அப்புறப்படுத்தினாய். புதிய கன்றுகளை வைத்தாய். முதல் பாளை வெடித்த வருடம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாய்: "அன்னிக்கு ஷெட்டுக்குள்ள எதுக்குக்கா போன?"

"உன் பூச்சியப் பாக்கத்தான்."

"பொய் சொல்லாத" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையை நீட்டினாய்.

சென்ற வருடம் தோப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கூடத்தில் உன்னை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தபோது, சித்தப்பா மகன் பின்கட்டில் இருந்த பூச்சிப் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "துக்கத்துக்கு வர்றவங்க பாத்தா ஒரு மாதிரி நெனப்பாங்க பெரிக்கா. வாய்க்கால்ல கொட்டிடவா?"

"இருக்கட்டும்ப்பா. அதுங்க இந்த வீட்டுல இருக்கிறதுங்க" என்றேன்.

நீ கையில் எடுத்து வளர்த்தவற்றில் இரண்டு மூன்று மிச்சமிருந்தன. வயதாகி, மீசை உதிர்ந்து, இந்தக் கோடையில் அவையும் போயின. இப்போது இருக்கும் ஒன்றுகூட உன்னை அறியாது. ஆனாலும் நீ வளர்த்தவை வாழ்ந்த மாதிரியே வாழ்கின்றன. ஆண்கள் தலையால் முட்டிச் சண்டை போடுகின்றன. தாய்கள் குட்டிகளை அடியில் வைத்துக்கொண்டு நிற்கின்றன. யாரும் சொல்லித் தராமல் இவற்றுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று ஜெபமாலை சொல்லும்போதுகூட யோசித்துவிடுகிறேன். அதுவும் ஒரு ஜெபம்தான் என்று ஃபாதர் சொன்னார். அவர் இப்போதும் வருகிறார். காப்பி குடித்துவிட்டுப் பெட்டியைப் பார்க்காமல் போவதில்லை.

இன்று புதுத் தூள் பரப்பி முடித்ததும் விரலை உள்ளே வைத்தேன். ஒன்று வந்து மீசையால் நகத்தைத் தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது. யாரென்று பார்க்கிறது. நான் அசையாமல் இருந்தேன். உன் அக்கா என்று சொன்னால் அதற்குப் புரியாது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்கும் தெரியவில்லை.