வேறொருவர் வண்டியின் எஞ்சின்

அன்பு மகள் சிசிலிக்கு,

உன்னைப் பெத்த சாச்சன் எழுதுறது. மாதாவோட துணையில நானும் உன்னைப் பெத்த அம்மச்சியும் உடம்புக்குக் குறை ஒண்ணும் இல்லாம இருக்கோம், நீயும் அந்த வெயில் நாட்டுல அப்படியே இருக்கணும்னு தினமும் ஜெபத்துல கேட்டுக்கறோம். போன தடவையும் அதுக்கு முந்தின தடவையும் நீ போன்ல ஜீப் எங்க சாச்சா, பின்னாடி சத்தமே கேட்கலையேன்னு கேட்டே, நான் வொர்க்‌ஷாப்புல நிக்குதுன்னு சொன்னேன். அது பொய் மகளே. ஜீப் போலீஸ் ஸ்டேஷன் முற்றத்துல மழையில நின்னுச்சு. எஸ்.டி.டி. பூத்துல முதுகுக்குப் பின்னாடி நாலு பேர் நிக்கிறப்ப சொல்ற விஷயம் இல்லை, அதனாலதான் இந்தக் கடிதம். பயப்படாம உட்கார்ந்து படி.

ஜூன் மாசம் குட்டப்பனோட ஜீப் மூணாவது வளைவுல கவிழ்ந்ததை அம்மச்சி எழுதியிருப்பா. ஏலத்தோட்டத்துக்குப் போன பெண்ணுங்க ரெண்டு பேருக்குக் கால் போச்சு. இன்சூரன்ஸ்காரன் வந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்துட்டு, ஆர்.சி. புக்குல பெட்ரோல் வண்டின்னு இருக்கு, உள்ள டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கு, இந்த வண்டிக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லைன்னு போயிட்டான். அன்னைக்கு ஜீப் ஸ்டாண்டுல ஒருத்தனும் வாயைத் திறக்கலை. இங்க எவன் வண்டியில பழைய பெட்ரோல் எஞ்சின் இருக்கு? எல்லாம் மாத்தினதுதான், எவனும் புக்குல மாத்தலை. நான் வீட்டுக்கு வந்து நம்ம புக்கை எடுத்துப் பார்த்தேன். அறுபத்தி ரெண்டாம் வருஷத்து வண்டி, எரிபொருள் பெட்ரோல், எஞ்சின் நம்பர் நம்ம விறகுப்புரையில சாக்கு மூடிக் கிடக்குற எஞ்சினோடது. நாளைக்கு என் வண்டியில எவன் பிள்ளைக்காவது ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்லுவேன்னு தூக்கம் வரலை. அடுத்த வாரமே வண்டியை ஓட்டிக்கிட்டு டவுன்ல இருக்குற ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் புதுசு, சின்ன வயசு, நல்ல மனுஷன். எஞ்சின் நம்பர் மேல காகிதத்தை வெச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்தார். எஞ்சின் வாங்கின பில் எங்கேன்னார். கோயம்புத்தூர் பழைய இரும்புக்கடைக்காரன் கையால எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைத்தான் காட்டினேன். இது போதாது, விண்ணப்பம் எழுதிக் கொடுங்க, போலீஸ்ல கேட்டு ஆட்சேபம் இல்லைன்னு வந்தா பழைய நம்பரை அடிச்சுட்டு இதை ஏத்திடலாம்னார். விண்ணப்பத்தை எழுதி ஆபீஸ் ஏஜென்ட் பத்ரோஸ்கிட்ட கொடுத்துட்டு நிம்மதியா வெளியே வந்து டீ குடிச்சேன்.

டீ பாதி குடிக்கலை, அந்த பத்ரோஸ் வேர்க்க விறுவிறுக்க வந்து என் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். வர்க்கிச்சேட்டா, உங்க எஞ்சின் நம்பர் காணாமப் போன வண்டி லிஸ்ட்ல இருக்கு, ஏழு வருஷத்துக்கு முந்தி மண்ணார்க்காட்டுல இருந்து ஒரு ஜீப்பும் டிரைவரும் சேர்ந்து காணோம், வண்டியும் கிடைக்கலை ஆளும் கிடைக்கலைன்னான். அவன் என் விண்ணப்பத்தை மடிச்சு என் பாக்கெட்டுலயே திணிச்சான். இன்னும் சாரோட மேசைக்குப் போகலை, நீங்க வரவே இல்லை, நான் பார்க்கவே இல்லை. பழைய எஞ்சினைத் திரும்ப மாட்டுங்க, இதைக் கொண்டுபோய் கொக்கைப் பள்ளத்துல உருட்டிவிடுங்க, புக்குல என்ன இருக்கோ அதுவே வண்டியில இருந்தா எவன் கேட்பான்னான்.

நான் அதைத்தான் செய்யப் பார்த்தேன், மறைக்க மாட்டேன். ரெண்டு நாள் அம்மச்சிக்கிட்ட ஒண்ணும் சொல்லலை. விறகுப்புரையில இருந்து பழைய எஞ்சினை இழுத்துப் போட்டு மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவிக்கிட்டு இருந்தேன். மூணாம் நாள் அவ கப்பா கிழங்கு தட்டோட வந்து நின்னா. டீசல் நல்லா ஓடுறப்ப இந்தச் செத்ததுக்கு எதுக்குக் குளிப்பாட்டுறீங்கன்னு கேட்டா. சொல்லிட்டேன். சொல்லும்போது இன்னொண்ணும் வெளியே வந்துடுச்சு, அதை அதுவரைக்கும் நான் யாருக்கும் சொன்னதில்லை. நாலு வருஷத்துக்கு முந்தி எஞ்சினை வாங்கினப்ப, அதை வண்டியோட பிடிச்சிருக்குற கால் ரெண்டும் போல்ட் கழட்டி எடுத்ததா இல்லை, கேஸ் கட்டர் வெச்சு வெட்டி எடுத்திருந்துச்சு. முப்பது வருஷமா வண்டியோட கிடக்குறவன் நான், அவசரமா உரிச்ச வண்டின்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுச்சு. கேட்கலை. விலை சரியா இருந்துச்சு, வாயை மூடிக்கிட்டேன். நீ ரெண்டாம் தடவை குவைத்துக்குப் போனப்ப உன் பெட்டியை ஏத்திக்கிட்டுக் கொச்சி வரைக்கும் வந்தது அந்த எஞ்சின்தான்.

அம்மச்சி தட்டைக் கீழ வெச்சா. அப்புறம் மெதுவாத்தான் சொன்னா. குவைத்துல சண்டை வந்தப்ப நாப்பது நாள் நம்ம பிள்ளை உயிரோட இருக்காளா இல்லையான்னு தெரியாம இந்த முற்றத்துல நடந்தோமே, அப்ப எவனாவது ஒருத்தன் சிசிலியைப் பத்தின காகிதத்தைப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா நீங்க அவனை என்ன பண்ணியிருப்பீங்கன்னு கேட்டா. ஜெயில்ல போட்டாங்கன்னா நீ என்னடி பண்ணுவேன்னேன். சாப்பாடு கொண்டு வர்றேன், கிளம்புங்கன்னா.

அதே விண்ணப்பத்தை இன்ஸ்பெக்டர் சார் கையிலயே கொடுத்தேன், நம்பர் லிஸ்ட்ல இருக்குன்னு நானே சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். சாயங்காலத்துக்குள்ள போலீஸ் ஜீப் வந்துடுச்சு. அடிக்கலை, அதைக் கேட்டு அழாதே. ஆனா ரெண்டு நாள் பெஞ்சுல உட்கார வெச்சாங்க. எஸ்.ஐ. கேட்ட கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்டார், வெட்டினது நீயா, வெட்டினதை வாங்கினது நீயா, டிரைவரை எங்க போட்டீங்கன்னு. வெட்டு இருந்ததைப் பார்த்தேன், கேட்காம வாங்கினேன்னு அதையும் சொன்னேன். எழுதிக்கிட்டார். அம்மச்சி ரெண்டு வேளையும் மீன் கறியும் சோறும் கொண்டு வந்து ஸ்டேஷன் படியில உட்கார்ந்திருந்தா, போகச் சொன்னாலும் போகலை.

வெளியே வந்தா அதைவிடக் கஷ்டம். என் கேஸுக்கு அப்புறம் மலையில இருக்குற எல்லா ஜீப்பையும் பானெட் தூக்கிப் பார்க்க ஆரம்பிச்சாங்க, இருபத்திரண்டு வண்டி நின்னுபோச்சு. ஸ்டாண்டுக்குப் போனேன். ஒருத்தன் எழுந்து நின்னு கும்பிட்டான், அரிச்சந்திரன் வர்றார் வழிவிடுங்கடான்னு. இன்னொருத்தன், வர்க்கிச்சேட்டா, நீங்க மோட்சத்துக்குப் போற அவசரத்துல எங்க வயித்து மேல வண்டியை ஏத்திட்டீங்களேன்னான். அவன் சொன்னதுல தப்பு இல்லை. அவனுக்கு மூணு பிள்ளைங்க. இன்னைக்கு வரைக்கும் பாதிப் பேர் பேசறதில்லை, சர்ச்சுல பக்கத்துல உட்கார்றதில்லை.

அந்தத் துண்டுச் சீட்டை வெச்சு போலீஸ் இரும்புக்கடைக்காரனைப் பிடிச்சாங்க, அவன் தனக்கு எஞ்சினை வித்தவன் பேரைச் சொன்னான், அவன் ஆட்டம் கண்டு எல்லாத்தையும் கக்கிட்டான். டிரைவர் பேரு ஹம்சா. மருத்துவமனைக்குப் போகணும்னு ரெண்டு பேர் வாடகைக்குக் கூப்பிட்டு, ஒரு ரப்பர் தோட்டத்துப் பாழுங்கிணறு பக்கத்துல அன்னைக்கே ஆளை முடிச்சிருக்காங்க. செப்டம்பர்ல தோண்டினப்ப எலும்பும் பெல்ட்டும் கிடைச்சுச்சு. நான் சாட்சி, கோர்ட்டுக்கு இன்னும் போகணும்.

எஞ்சினைக் கோர்ட் எடுத்துக்கிச்சு, கூட்டை மட்டும் போன வாரம் விட்டாங்க. கட்டி இழுக்க ஸ்டாண்டுல ஒருத்தனும் வரலை. குட்டப்பன்தான் யார்கிட்டயோ டிராக்டர் கேட்டு வாங்கிக்கிட்டு வந்தான். நாங்க கயிறு கட்டிக்கிட்டு இருக்கும்போது ஸ்டேஷன் வராந்தாவுல ஒரு பெண் உட்கார்ந்திருந்தா, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், பக்கத்துல அவ அண்ணன். ஹம்சாவோட பெண்சாதி, நபீசா. பெல்ட்டை அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட வந்திருக்கா. எனக்கு ஓடி ஒளிஞ்சுக்கலாம்போல இருந்துச்சு. அவளே எழுந்து வந்தா, சேட்டாதானே நம்பர் கொடுத்ததுன்னா. ஆமாம்னேன். வெட்டைப் பார்த்தும் நாலு வருஷம் சும்மா ஓட்டினேன்னு அவகிட்டயும் சொன்னேன், அவ காலைத் தொட்டிருப்பேன், அண்ணன் என் கையைப் பிடிச்சுட்டான். அவ என்னைத் திட்டலை, மன்னிச்சேன்னும் சொல்லலை. ரொம்ப நேரம் அந்த வெறும் கூட்டையே பார்த்தா. ஆள் இருக்காரா இல்லையான்னு தெரியாம, வெள்ளையும் உடுத்தாம கலரும் உடுத்தாம ஏழு வருஷம் இருந்தேன் சேட்டா, யாராவது கதவைத் தட்டினா அவர்தான்னு நினைப்பேன்னா. அப்புறம் அவ சொன்னதைக் கேளு மகளே. நேத்து எங்க பள்ளிவாசல் உஸ்தாதுகிட்ட கேட்டேன், புருஷன் செத்தா நாலு மாசம் பத்து நாள் வெளியே போகாம துக்கம் காத்து இத்தா இருக்கணுமே, எப்ப உட்காரட்டும்னு. அது செத்த நாள்லயிருந்தே கணக்கு, உனக்கு எப்பவோ முடிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டார். எனக்கே தெரியாம முடிஞ்சு போச்சாம் சேட்டா. முடிஞ்சா முடியட்டும், நான் இன்னைக்குத்தான் உட்காரப் போறேன்னு சொல்லிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு அண்ணனோட பஸ்ஸுக்குப் போனா.

நம்ம வண்டியில பழைய பெட்ரோல் எஞ்சினையே மாட்டியாச்சு. இன்ஸ்பெக்டர் சார் மறுபடியும் பென்சிலால தேய்ச்சுப் பார்த்துட்டு, புக்குல இருக்குறதும் இதுவும் ஒண்ணுதான், எழுத வேண்டியது ஒண்ணுமில்லைன்னு திருப்பிக் கொடுத்தார். ஏத்தம் ஏற மாட்டேங்குது, பெட்ரோலைத் தண்ணியாக் குடிக்குது. ஓட்டுறேன்.

லீவ் போட்டுட்டு ஓடி வராதே, வந்து ஆகப்போறது ஒண்ணும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்றப்ப பூத்துல இதைப் பத்திப் பேச வேண்டாம், படிச்சேன் சாச்சான்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லு. உன் தலையில எங்க ரெண்டு பேர் கையும் வெச்சு ஆசீர்வதிக்கிறோம். மாதா உன்னை விட்டு விலகாம இருக்கட்டும்.

உன் சாச்சன்
வர்க்கி

அம்மச்சி சொல்லச் சொன்னது: நபீசாவுக்காகவும் ஒரு ஜெபம் சொல்லு, அவ வேற மதம்னு மாதா பார்க்க மாட்டாளாம்.