இறுகிப்போன புதுக் கோட்

லிட்கம், சிட்னி
20.9.1975

அன்பும் மதிப்பும் நிறைந்த மாமிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நல்ல செய்திதான். நெஞ்சு பதறாமல் வாசியுங்கள். உங்கள் மகனுக்குத் தைத்த புதுக் கோட் அவருக்கு இறுகிவிட்டது!

சிரிக்காதீர்கள், முழுவதையும் சொல்கிறேன். வயிற்று ஒபரேஷனுக்குப் பிறகு இவர் மெலிந்துபோனதை முந்தி எழுதியிருந்தேன். எழுதியது பாதிதான். கந்தோரில் திரும்ப வேலைக்கு வரச் சொன்னபோது பழைய கோட்டைப் போட்டுப் பார்த்தார். வேலிக்கம்பில் கொழுவினதுபோலத் தொங்கியது. உடனே கண்ணாடியை விட்டு விலகிவிட்டார். "இதுவே காணும் கலா. புதுசு தைச்சு என்னத்துக்கு?" என்றார். அந்த "என்னத்துக்கு" எனக்கு விளங்கியது மாமி. உங்களுக்கும் விளங்கும்.

நான் விடவில்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் இத்தாலியர் கோட்டும் காற்சட்டையும் தைக்கிறார். அங்கே இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே போனவுடனேயே இவர் மலிவான ரெரிலின் துணியில் கையை வைத்தார். தையற்காரர் தலையை ஆட்டினார். அது வெயிலில் உடம்போடு ஒட்டும், முழங்கை பளபளக்கத் தொடங்கிவிடும் என்று சொல்லி, கருநீலக் கம்பளித் துணி ஒன்றை விரித்தார். நல்ல மெல்லிசு. கைக்குள் கசக்கி விட்டாலும் ஒரு சுருக்கம் இல்லை. பத்து வருஷம் உழைக்கும் என்றார். அதைக் கேட்டதும் இவர் நிலத்தைப் பார்த்தார். "அதையே வெட்டுங்கோ" என்று நான் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அந்த மனிசனுக்கு எப்படியோ விளங்கிவிட்டது!

அளவெடுத்தபோது இடுப்புக் கணக்கைக் கேட்கப் பயந்து மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு ஆட்டெலும்பு ரசம், முட்டை, பால் என்று விடாமல் கொடுத்தேன். முதலில் கோபித்தார். போகப் போகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தினமும் பார்க்கிற எனக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

நேற்றுமுன்தினம் போட்டுப் பார்க்கப் போனோம். தோள் அச்சொட்டாக இருந்தது. கொலர் கழுத்தோடு பொருந்தி நின்றது. ஆனால் பொத்தானைப் பூட்டினால் வயிற்றில் குறுக்கே சுருக்கம் இழுத்தது, காற்சட்டைக் கொக்கி எட்டவே இல்லை. தையற்காரர் தன் பிழையென்று நினைத்து முகம் சிவந்துபோய்த் திரும்ப அளந்தார். பிறகு, பிழை என் கத்தரிக்கோலில் இல்லை, உன் மனைவியின் சமையலில் என்று சொல்லிப் பெரிதாகச் சிரித்தார்.

இவர் கண்ணாடியை நேராகப் பார்த்தார். "கலா, நான் உடம்பு வைச்சிட்டன், என்ன?" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டார். கடை நடுவில் நின்று அழுதேன். கோட் பிடிக்கவில்லையாக்கும் என்று பயந்த தையற்காரர் எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார்.

பிரித்துத் தைத்ததை இன்று காலை எடுத்து வந்தோம். திங்கட்கிழமைதான் வேலை. இவரோ இப்போதே மேலே கோட்டும் கீழே சாரமுமாக வீட்டுக்குள் உலாவுகிறார்!

மாமி, இன்னும் உடம்பு வைத்தால் விரித்துக்கொள்ள, தையற்காரர் தையலுக்குள் ஓர் அங்குலத் துணி மடித்து விட்டிருக்கிறாராம். நீங்கள் இங்கே வருவதற்கான விஸா அலுவலை இவரோடு வேலை செய்யும் கேதீஸ்வரன் அண்ணா விசாரிக்கிறார். மறுக்காமல் வாருங்கள். அந்த ஓர் அங்குலத்தை உங்கள் கைச்சாப்பாடு நிரப்பட்டும்.

உங்கள் பாதம் தொட்டு வணங்கும் மருமகள்,
சந்திரகலா