பனி வெளிச்சத்தில் பிடித்த குண்டுமாலை

ஓசூர்,
தை மாதக் கடைசி, 1956.

சிங்காரப்பேட்டையில் இருக்கும் தங்கச்சி மாதம்மாளுக்கு, ஓசூர் போட்டோக் கடை நாராயணம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் கல்யாண வீட்டுக்குப் போகிற கடிதத்தில் வேறு எதுவும் எழுதக் கூடாது. அதனால் சுகம் என்றே வைத்துக்கொள்.

யார் இவள், முன்பின் தெரியாதவள் தங்கச்சி என்று உரிமை கொண்டாடுகிறாளே என்று நினைப்பாய். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற தளி ஊர்த் திம்மப்பன் முதலில் கட்டியது என் தங்கை சரோஜாவை. போன ஆடியில் இரண்டாவது பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். மூத்த தாரம் போன வீட்டுக்கு இளைய தாரமாக வருகிறவள், போனவளின் பிறந்த வீட்டுக்கும் பெண்தான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. நீ ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நான் உனக்கு அக்கா. நீ எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று தரகர் எல்லப்பன் சொன்னதால்தான் உன் பேருக்கே எழுதுகிறேன்.

சரோஜாவின் மூத்த குழந்தை கௌரி இப்போது என்னிடம் இருக்கிறாள். இரண்டு வயது முடிந்துவிட்டது. அவளுக்காகத்தான் இந்தக் கடிதம். உன் அப்பா தரகரிடம், "பிள்ள பெரியம்மா ஊட்டுலயே இருந்துக்கட்டும், எம்பொண்ணு சின்னஞ்சிறுசு" என்றாராம். திம்மப்பனோ, "எம்மவ எங்கூடத்தான் இருப்பா, இஷ்டமில்லன்னா கல்யாணமே வேணாம்" என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் முடிவு உன்னிடம் வந்து நிற்கிறது.

முதலில் போட்டோ சமாச்சாரத்தை முடித்துவிடுகிறேன். பஸ்ஸில் தங்கத்தைக் கொண்டுவரப் பயந்து, உனக்குப் போடப்போகிற சரோஜாவின் நகையைப் போட்டோ பிடித்து அனுப்புவதாகத் திம்மப்பன் உங்கள் வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தார். இந்த ஊரில் நகையைப் பிடிக்க என் வீட்டுக்காரரை விட்டால் ஆள் இல்லை. மணப்பெண்ணைக் கறுப்பாக்கி நகையைப் பளபளப்பாக்குகிறவர் என்று கடைத்தெருவில் அவரைக் கேலி செய்வார்கள். திம்மப்பன் நகை முடிச்சைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அக்கா, உங்க கையாலயே இதச் செய்யச் சொல்றனே, எனக்கு நல்ல சாவு வருமா?" என்று வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். நல்ல மனுஷன், மாதம்மா. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த வீட்டு நகை வந்தாலும் முதலில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கொடுப்பது என் வேலை. அழுக்கு இருந்தால் போட்டோவில் புள்ளி புள்ளியாக விழும். பழகிய கை, யோசிக்கவே இல்லை. தங்க மணி கோத்த குண்டுமாலையை ஊறப்போட்டுவிட்டு, அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தால் தண்ணீர் மஞ்சளாக நிற்கிறது. சரோஜா பூசிக் குளித்த மஞ்சள். குண்டுக்குக் குண்டு இடுக்கில் இத்தனை மாதமும் இருந்திருக்கிறது. அவள் உடம்பில் பட்டதில் அதுதான் மிச்சம். பாவி, அதையும் நானே கழுவிவிட்டேன். கொட்டவும் மனசு வரவில்லை, வைத்துக்கொள்ளவும் வழியில்லை. கடைசியில் சாமந்திச் செடிக்கு ஊற்றினேன்.

எங்கள் கடையில் மின்சார விளக்கு கிடையாது. கொல்லைப்புறத்து வெளிச்சம்தான். நேர் வெயிலில் வைத்தால் தங்கம் தெரியாது, கண்ணைக் கூசவைக்கிற வெயில்தான் தெரியும். காலைப் பனி முழுவதும் விலகாமல், வெளிச்சம் மட்டும் பால்போல இறங்குகிற நேரம் வேண்டும். அதோடு, எதிரே கறுப்பாக எது நின்றாலும் அது நகைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நான் அதன் பின்னால் நிற்பேன். அன்றைக்கும் நின்றேன். அழுத அழுகையில் வேட்டி ஆடிவிட்டது. படம் விழுகிற கண்ணாடிப் பிளேட் ஒன்று பாழ். மற்ற நாளாக இருந்தால், "வெளிச்சம் என்ன உங்கப்பன் ஊட்டு வேலக்காரனா, காத்துக்கினு நிக்க?" என்று தெருவே கேட்கக் கத்துகிறவர் என் வீட்டுக்காரர். அன்று கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே, "அழுது முடிச்சிட்டு வா, வெளிச்சம் எங்கயும் போயிடாது" என்றார். 

இரண்டாவது பிளேட்டில் விழுந்த போட்டோதான் இதோடு வைத்திருப்பது. நடுவில் ஒரு குண்டு நசுங்கியிருப்பது தெரியும். தட்டான் குறை என்று உங்கள் வீட்டில் யாரும் பேச வேண்டாம். உள்ளே அரக்கு வைத்த மெல்லிய குண்டு. பால் குடிக்கிற காலத்தில் கௌரி கடித்தது. இந்த மாதிரி நசுங்கல் இருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்துப் பிடிப்பது இவர் வழக்கம். இதைத் திருப்பவில்லை. நானும் திருப்பச் சொல்லவில்லை.

இப்போது என் மனசைச் சொல்கிறேன். எனக்கு இதுவரை வயிறு திறக்கவில்லை. போகாத கோயில் இல்லை. கௌரி வந்த பிறகுதான் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. உன் அப்பா சொன்னது என் காதில் தேன் வார்த்த மாதிரி இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். "நம்மகிட்டயே இருந்துடுவாளா?" என்று இவரிடம் கேட்டுக் கேட்டு அன்று முழுக்க அந்த ஆசையோடு திரிந்தேன்.

மறுநாள், காயவைத்திருந்த போட்டோவைக் கௌரி எட்டி எடுத்துவிட்டாள். சுவரில் இருக்கும் சரோஜாவின் கல்யாணப் படத்தை எத்தனையோ முறை அவளுக்குக் காட்டியிருக்கிறேன். யாரோ என்றுதான் பார்ப்பாள். இந்தப் போட்டோவில் முகமே இல்லை. கறுப்புத் துணிமேல் மாலை மட்டும்தான். விரலை வைத்து "அம்மா" என்றாள். அப்புறம் போட்டோவைத் திருப்பி, பின்பக்கத்தில் தேடினாள்.

அதற்குமேல் அவளை நான் வைத்துக்கொள்ள நினைப்பது பாவம், தங்கச்சி. எத்தனை சோறு ஊட்டினாலும் நான் பெரியம்மாதான்.

மாசியில் அந்த மாலையைப் போட்டுக்கொண்டு நீ நிற்பாய். என் கையை உதறிவிட்டு அவள் உன்னிடம் ஓடி வருவாள். உன்னை அம்மா என்பாள். "அது உங்கம்மா இல்ல, சித்தி" என்று திருத்த நூறு பேர் வருவார்கள். நகையெல்லாம் நீயே வைத்துக்கொள். கௌரிக்கென்று ஒரு குண்டுகூட எடுத்து வைக்க வேண்டாம். நீ மட்டும் அவளைத் திருத்தாதே. குனிந்து, "என்ன கண்ணு?" என்று கேள். எனக்கு அது போதும்.

பதில் எழுதக்கூட வேண்டாம். பிள்ளை வரட்டும் என்று உன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால், அவள் பாவாடை சட்டையை நான் மூட்டை கட்டிவிடுவேன். நீ நூறு வயசு சுமங்கலியாக இருக்க வேண்டும். பிரசவத்துக்கு இங்கே வந்துவிடு, ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப் போகிறேன். நீயாவது நெடுநாள் இரு, தாயி. அவளுக்கு இன்னொரு தடவை தேடத் தெம்பில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா
நாராயணம்மா