நீல நாடா கட்டிய வயர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தையல் கடைக்கும் போக ஆரம்பித்துவிட்டேன். நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். நான் படித்த நாலு வகுப்புக்கு இதுவே அதிகம். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

அப்பாவின் கார் விஷயம். அவரை ஆஸ்பத்திரிக்கு நீ ஓட்டிக்கொண்டு போனபோது சிக்னலில் நடுங்கி அணைந்ததே, அதற்குப் பிறகு அது வாசலிலேயே கிடந்தது. சித்தப்பா ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவர் எஞ்சினில் ஏதோ ஒரு வால்வை மாற்றிவிட்டுப் போனார். மறுநாளே ஸ்டீயரிங்குக்கு முன்னால் கோளாறு காட்டும் மஞ்சள் விளக்கு திரும்ப எரிந்தது. வித்துத் தொலைங்க அண்ணி, தலைவலி போச்சு என்றார் சித்தப்பா. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் நின்றது என்று தெரியாமல் எப்படி விற்பது?

கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். கழுத்தில் எப்போதும் மீட்டர் தொங்குவதால் பேரே மீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். நானும் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எஞ்சின் மூச்சு விடுகிறதாம், தெரியுமா உனக்கு? வேகமாகப் போகும்போது மூச்சை முன்கூட்டியே இழுக்க வேண்டும், நிற்கும்போது நிதானமாக இழுக்க வேண்டும். எப்போது இழுப்பது என்பதை எண்ணெய் போகும் வழியைத் திறந்து மூடிச் சொல்வது அந்த வால்வு. அதற்கு இரண்டே வயர். ஒன்றில் கரண்ட் எப்போதும் இருக்கும். இன்னொன்றைக் காரின் கம்ப்யூட்டர் வேண்டும்போது மட்டும் வண்டியின் உடம்போடு சேர்க்கும். அந்த வயர் தானாகவே எங்காவது உடம்பைத் தொட்டுவிட்டால் வால்வு திறந்தபடியே கிடக்கும். நிற்கிற வண்டி ஓடுகிற வண்டி போல மூச்சு வாங்கித் திணறி அணைந்துவிடும். அன்றைக்கு நடந்தது அதுதான்.

பழைய வால்வையும் புதியதையும் அளந்தார். இரண்டும் ஒரே கணக்கு. பழையது கெடவே இல்லை! வால்வில் வயர் சொருகியிருக்கும் சாக்கெட்டைக் கழற்றினதும் நான் கேட்ட முதல் கேள்வி, உள்ள தண்ணி போயிருக்கா என்பது. டார்ச் அடித்துக் காட்டினார். பச்சைக் களிம்பு பூக்கவில்லை, துரு இல்லை. தண்ணி போன எடம் சொல்லிடும்மா, இது போகல என்றார். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

கழுத்தில் தொங்கிய மீட்டரின் ஒரு முனையை வயரிலும் மறுமுனையை வண்டியிலும் வைத்தார். வயர் வண்டியைத் தொட்டால் அது கத்துமாம், ஊமையாக இருந்தது. வயரை ஆட்டினார், அப்போதும் சத்தமில்லை. தலையைச் சொறிந்தார். துணி நைவது மடிப்பில்தான், வயர் எங்க மடியுது என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எஞ்சினுக்குப் பின்னால் கையை விட்டு அழுத்தினார். கழுத்து மீட்டர் கீ என்று கத்தியது. அம்மா, நாளைலேர்ந்து நீங்க மீட்டரப் புடிங்க, நான் போயி ஊசில நூல் கோக்குறேன் என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

அங்கே ஓர் இரும்புப் பட்டையில் உரசி உரசி வயரின் தோல் போய், செம்பு பளபளத்தது. இது மாசக்கணக்கு வேலை, ஒருநாள்ல ஆனதில்ல என்றார். வயரைத் தூக்கிப் பிடிக்கும் க்ளிப் இல்லை. அதற்குப் பதிலாக எண்ணெயில் ஊறித் தொய்ந்துபோய் ஒரு நீல நாடா.

அது என் நாடா. போன வருஷம் அப்பா அங்கே ஏதோ குழாயை மாற்றும்போது சமையலறையில் தலையை நீட்டி, கட்டுறதுக்கு ஏதாச்சும் குடு என்றார். ஒரு சாண் வெட்டிக் கொடுத்தேன். காரே ஒன் நாடாலதான் நிக்குது என்று ஒரு வாரம் கேலி செய்தார்.

அப்பாவைச் சந்தோஷப்படுத்த, ஆஸ்பத்திரிக்குப் போனதற்கு முந்தின நாள் நீ எஞ்சினைக் கழுவினாய். எஞ்சினுக்குத் தண்ணி காட்டின புண்ணியவதி என்று சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் சித்தப்பா சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ என் முகத்தைப் பார்த்தாய். மறைக்க மாட்டேன், அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கழுவியது நீ. கட்டியது அவர். நாடா வெட்டிக் கொடுத்தது நான். கொஞ்சம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

சித்தப்பாவைக் கூப்பிட்டு வயரைக் காட்டினேன். குனிந்து தோல் போன இடத்தைத் தடவிப் பார்த்தார். புள்ள நம்பர் மாத்திடுச்சா அண்ணி என்று கேட்டார்.

வயரைச் சேர்த்து, உறை போட்டு, சரியான க்ளிப் மாட்டியாகிவிட்டது. மீட்டர் ஓட்டிப் பார்த்தார், விளக்கு எரியவில்லை. வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்யச் சொன்னார், செய்கிறேன். ஓட்டுவதற்காக அவர் சீட்டைப் பின்னால் தள்ளினார். அடியில் எத்தனை பல் டக் டக்கென்று நகர்ந்தது என்று எண்ணி, திரும்ப உன் அளவுக்கே வைத்திருக்கிறேன். எனக்குக் கால் எட்டவில்லை, நுனியில்தான் உட்கார வேண்டியிருக்கிறது. இருக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. நல்லா இருப்பாய், எனக்குத் தெரியும். வண்டி ஓடுகிறது. ஓட்டத் தெரிந்த ஆள்தான் வீட்டில் இல்லை.

உன் அம்மா