இடது கண் மட்டும்

என் வீட்டுக்காரருக்கு அன்பும் வணக்கமும்.

உங்கள் கடிதம் செவ்வாயன்று கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் தூங்கிவிட்டேன். நம் நிறுத்தம் தாண்டி இறங்கி நடந்து வந்தேன். சலவைக்கூடத்தில் ஓட்டல் விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. இஸ்திரி போட்டுப் போட்டுத் தோள்பட்டை விட்டுப்போகிறது. பெரியவள் பரீட்சைக்குப் படிக்கிறாள், அதாவது புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறாள்.

நான் சாப்பிடும்போதெல்லாம் அழுகிறேன் என்று உங்கள் தங்கை போனில் சொன்னாளாமே. கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறாள். ஆனால் அது அழுகை இல்லை.

காதுக்குப் பின்னால் கட்டியை எடுத்தபோது நரம்பு அறுபட்டு, இடது கண்ணீர்ச் சுரப்பி செயலற்றுப் போனது உங்களுக்குத் தெரியும். மணல் விழுந்த மாதிரி உறுத்தும். நாளெல்லாம் சொட்டு மருந்து விடுவேன். பிறகு ஒரு மதியம், முதல் வாய் வைத்ததுமே அந்தக் கண்ணில் நீர் கொட்டியது. நரம்பு பிழைத்துவிட்டதென்று எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரம்மா சிரிக்கவில்லை. அறுபட்ட இழைகள் மெல்ல வளர்ந்து திரும்புமாம். எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டியவை வழி தவறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குள் நுழைந்துவிட்டனவாம். “வாய்க்குப் போற உத்தரவு கண்ணுக்குப் போயிடுதும்மா” என்றார். துக்கத்துக்கு அந்தக் கண் அசைந்து கொடுப்பதில்லை. சாப்பாட்டுக்குத்தான் உருகுகிறது.

சலவைக்கூடத்தில் இதைச் சொல்லி மாளவில்லை. பக்கத்து மேசை அக்கா தன் டப்பாவில் பாதியை என் தட்டில் தள்ளி, “புருஷன் தூரத்துல இருந்தா இப்படித்தான்டி” என்கிறாள். முதலில் மறுத்துப் பார்த்தேன். இப்போது பேசாமல் வாங்கிச் சாப்பிடுகிறேன், நன்றாகச் சமைக்கிறாள்.

நான் அழுவது உண்மையென்றால் வேலையை விட்டுவிட்டு உடனே வருவதாகவும், இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நாலைந்து நாளாக யோசித்தேன். தங்கை சொன்னதை அப்படியே விட்டிருந்தால் வந்திருப்பீர்கள். நரம்பு செய்த தப்புக்கு உங்களை வரவழைக்க மனசு ஒப்பவில்லை. சுரப்பியைக் கொஞ்ச காலம் அடக்கி வைக்க ஊசி இருக்கிறதாம், போட்டுக்கொள்கிறேன். அந்தக் கண்ணுக்காக நீங்கள் வர வேண்டாம்.

இன்று காலை துணி உலர்த்தப் போன இடத்தில் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. இடது கண் காய்ந்தே இருந்தது. வலது கண்ணில்தான் நீர் நிற்கவே இல்லை. அதில் யாரும் கத்தி வைக்கவில்லை, எந்த இழையும் வழி தவறவில்லை.

உடனே ஓடி வர வேண்டாம். ஒப்புக்கொண்ட காலத்தை முடித்துவிட்டே வாருங்கள். அடுத்த தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,
உங்கள் வீட்டுக்காரி