வளருகிற பிள்ளைக்கு ஒரு கிடார்

நூலகத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்க மாட்டேன். சேர்த்தால் நீ கண்டுபிடித்துச் சிரிப்பாய்.

இன்று எதிர்வீட்டுச் சித்தி தன் மகளுக்கு வாங்கிய கிடாரைப் பிரித்தார். அட்டைப்பெட்டியைத் திறந்ததும் புது மரமும் வார்னிஷும் கலந்த அந்த வாசனை வந்தது. எதை வாங்கலாம் என்று சித்தி என்னிடம்தான் கேட்டிருந்தார். முக்கால் அளவு, நைலான் நரம்பு என்று சொல்லியிருந்தேன். வளருகிற பிள்ளைக்கு இவ்வளவு சின்னதா என்று முதலில் தயங்கினார். வளர்ந்த பிறகு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றேன். என் வாயிலிருந்து அது அத்தனை சுலபமாக வந்துவிட்டது.

உனக்காகத்தான் அதையெல்லாம் படித்தேன். மதுரை ஆஸ்பத்திரியில் உன் பக்கத்துக் கட்டில் அக்கா கிடார் வாசிப்பதைப் பார்த்துவிட்டு வந்து, நமக்கும் ஒன்று வேண்டும் என்றாய். “நீதான் எதைக் கண்டாலும் படிப்பியேட்டி. எத வாங்கணும்னு படிச்சுச் சொல்லு.” நான் படித்தேன். கழுத்துப் பகுதியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நரம்பு மரத்தைவிட்டு அதிகம் உயர்ந்திருக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, வாசிப்பவரின் மடிக்கும் கைக்கும் அடங்க வேண்டும். கம்பி நரம்பு விரலை அறுக்கும், நைலான் அறுக்காது. கடைசியாகச் சொன்ன இதுதான் உனக்கு முக்கியம். உன் இரத்தத்தில் நோய் வந்த பிறகு, யாராவது கையைப் பிடித்து இழுத்தால்கூட அந்த இடம் ஊதா நிறமாகிவிடும். கோயில் புற்றுமண்ணைக் குழைத்து உன் அம்மா அந்தத் தடங்களின் மேல் தடவி விடுவார்.

மறுமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நானும் வந்தேன். டாக்டர் உன் அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த உன் அம்மா முகத்தைக் கழுவிவிட்டு, வாங்க கடைக்குப் போவோம் என்றார்.

கடைக்காரர் உன்னைப் பார்த்ததுமே முக்கால் அளவு கிடாரை எடுத்துத் தந்தார். அது உன் மடியில் பொருந்தி உட்கார்ந்தது. நான் கழுத்தைப் பார்த்தேன், நேராக இருந்தது. நீ ஒரு நரம்பை அழுத்திச் சுண்டினாய். சத்தம் தெளிவாக வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கிய பிறகு உன் முகம் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை.

உன் அம்மா சுவரில் தொங்கிய பெரிய கிடாரைக் காட்டினார்.

“அதக் குடுங்க அண்ணாச்சி. வளருற பிள்ளைல்லா.”

அது பாப்பாவுக்குக் கக்கத்தில் இடிக்கும், கம்பி நரம்பு வேறு, நைலான் மாட்ட முடியாது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். நானும் சொன்னேன். உன் அம்மா காதில் வாங்கவில்லை. நம் ஊரில் சீருடை தைத்தால் இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துத்தானே தைப்பார்கள்? பாவாடையின் கீழ்மடிப்பை வருஷா வருஷம் பிரித்துவிடுவார்கள். உன் பாவாடையின் மடிப்பு அந்த வருஷம் பிரிக்கப்படவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். நீ உன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சின்னக் கிடாரை மேசைமேல் வைத்தாய்.

“பெரிசே குடுங்க. இது எனக்குப் பத்தாது.”

ஊருக்குத் திரும்பும் ரயிலில் எதிரே இருந்த ஒரு பாட்டி, “பொட்டி உன்னைய தூக்கிட்டுப் போகுதா, நீ பொட்டிய தூக்கிட்டுப் போறியா தாயி?” என்று கேட்டார். அந்த ரயில்பெட்டியே சிரித்தது, நீயும் சிரித்தாய். ராஜபாளையம் தாண்டியதும் உன் அம்மா அசந்து தூங்கிவிட்டார். ஏன் இப்படிச் செய்தாய் என்று நான் கோபமாகக் கேட்டேன். நீ ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாய்: “சின்னத வாங்கிட்டு வந்தா, நான் வளரமாட்டேன்னு எங்கம்மையே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா.”

நான் கிடார் பெட்டியை என் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டேன்.

அந்தக் கிடாரை உன்னால் வாசிக்க முடியவில்லை. நிமிர்த்திப் பிடித்தால் உன் கை மேல்விளிம்பைத் தாண்டவே சிரமப்பட்டது. கம்பியை அழுத்திய முதல் நாளே விரல் நுனிகள் கறுத்துப்போயின. அடுத்த முறை டாக்டர் பார்த்துத் திட்டினார். அன்று மாலை உன் அம்மா கட்டிலில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, கிடாரை உங்கள் இருவர் மடியிலும் குறுக்கே படுக்க வைத்தார். “எங்கன அமுக்கணும், சொல்லு.” நான் புத்தகப் படத்தைக் காட்டினேன். அவர் அழுத்தினார், நீ தடவினாய். முதலில் வெறும் உறுமல்தான் வந்தது. வேலை பார்க்கும் விசைத்தறியில் அறுந்த இழையை ஓடுகிற ஓட்டத்தில் முடிச்சுப் போடுகிற விரல்கள் அவருடையவை; சீக்கிரம் பழகிவிட்டன. தறியிலிருந்து வந்ததும் தினமும் அழுத்துவார். சில நாள் உனக்குத் தடவவும் தெம்பிருக்காது. உன் கையை எடுத்து நரம்பின் மேல் நான் வைப்பேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு ஒலி எழுப்பினோம். ஒரு பாட்டுகூட முழுதாக வரவில்லை. நீ வளரவும் இல்லை. நம் ஊர்க் கோயிலின் பங்குனிப் பொங்கல் திருவிழா முடிந்த வாரம் போய்விட்டாய்.

இன்று சித்தி வீட்டிலிருந்து நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். உன் அம்மா இடது கையை நீட்டி விரல் நுனிகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கம்பியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன தோல். கற்றுக்கொள்கிறவரின் விரல்கள் இப்படிக் கெட்டியாகும் என்று நான் படித்திருக்கிறேன். உன் விரல்களுக்கு அது வரவேயில்லை. தறியில் நூல் அந்தச் சொரசொரப்பில் மாட்டி அறுந்துவிடுகிறதாம். எண்ணெய் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்கிறார்களாம்.

“அதுவாவே உரிஞ்சுக்கிட்டு வருதுட்டி,” என்றார். “இதும் போயிரக் கூடாதுல்லா.”

அதனால் இப்போதும் தினமும் வேலை விட்டு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, கிடாரைப் படுக்க வைத்து, நரம்புகளை அழுத்துகிறார். அழுத்துவது மட்டும்தான். தடவுவதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விரல் மாறி மாறிப் போனது. நீ எந்த இடத்தில் தடவுவாயோ அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, பிறகு அடுத்ததற்குப் போனார். சத்தமே இல்லை. எனக்கு எல்லா ஒலியும் கேட்டது. அதைத்தான் வைத்திருக்கிறேன். வேறெதுவும் உன்னுடையது என்னிடம் இல்லை.

இன்னும் எழுத இருக்கிறது. ஆனால் நூலகத்தை மூடப்போகிறார்கள். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்கள்.