மைதானத்தில் படிக்க வேண்டிய தாள்

உத்திரமேரூர்,
தை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பிரிஸ்கில்லா அப்பாவுக்கு,

சுகிர்தா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் பாப்பாவும் அத்தையும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கப்போவதில்லை. போனில் கேட்டால் "நல்லாத்தான் கீறேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த புள்ளலூர் விஜய் நாளை மறுநாள் சிங்கப்பூருக்குத் திரும்புகிறார். உங்கள் அறைக்குத்தானே வரப்போகிறார், அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். போனில் பேசினால் அறையில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் கேட்கும். அதோடு எனக்கு இப்போது என் வாயை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

ஊர் விஷயம் முதலில். ஏரி நிறைந்து தண்ணீர் இன்னும் வற்றவில்லை. கூரை ஒழுகின இடத்தில் தார்ப்பாய் போட்டாயிற்று. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, காற்றடித்துக்கொண்டே ஜெபம் சொல்கிறாள். அத்தைக்கு முட்டி வலி. ஆனால் என்னோடு சண்டை போடுவதற்கு மட்டும் ஒரு வலியும் இல்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது விஜய் வாசலில் நின்றிருந்தார். நாஷ்டா சாப்பிடச் சொன்னேன். இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தாரே தவிர வாயில் வைக்கவில்லை. என்ன தம்பி என்று கேட்டதும் சொல்லிவிட்டார், அவர்மேல் கோபப்படாதீர்கள். "அக்கா, நான் சொன்னேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. போன மாசம் கட்டடத்துல சாரத்து மேல சேஃப்டி பெல்ட்டு கொக்கிய மாட்டாமலே நடந்துகினு இருந்தாரு. கீழேருந்து நாங்க கத்தினப்புறம்தான் அவருக்கே தெரிஞ்சுது. ஞாயித்துக்கெழம கூட லீவு எடுக்காம வேலைக்குப் போய்க்கினே கீறாரு, தூக்கமே இல்ல" என்றார். எத்தனையாவது மாடி என்று கேட்டேன். ஒன்பது என்றார்.

ஞாயிறு என்றால் வாலிபால் ஆடப் போவாரே என்று கேட்டேன். விஜய் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாம் சொன்னார். பிறகுதான் ஐப்பசியில் நான் செய்த வேலை முழுவதும் எனக்குத் தெரிந்தது.

மழை வலுக்கும் முன் முடிக்க வேண்டும் என்று அந்த ஞாயிறும் நூறு நாள் வேலை வைத்துவிட்டார்கள், ஆராதனை முடிந்ததும் ஏரி வரத்துக்கால்வாயில் மண் வாரிக்கொண்டிருந்தோம். தமிழ்ச்செல்வி போனை நீட்டினாள். ஊர் வாட்ஸ்அப்பில் உங்கள் வீடியோ. நீல பனியன் போட்டுக்கொண்டு, எகிறி எகிறி, வாயெல்லாம் பல்லாக. "இன்னா சுகிர்தா, உன் வூட்டுக்காரரு அங்க ஷோக்கா பந்து ஆடிக்கினு கீறாரு, நீ இங்க மண்ணு வாரிக்கினு கீற" என்று அவள் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரைக்கு அந்தப்பக்கம் போய் நின்று, "நாங்க இங்க மண்ணு வாரி சாவறோம், நீ பந்து ஆடறதுக்கா ப்ளேன் ஏறிப் போன, வெக்கமா இல்ல?" என்று வாய்ஸ் அனுப்பினேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் உங்களை நீ என்று பேசியது அதுதான் முதல் தடவை.

அனுப்பியதும் கோபம் போய்விட்டது. நீங்களும் ஒன்றும் கேட்கவில்லை. காதில் வாங்காமல் விட்டுவிட்டீர்கள் என்று இருந்துவிட்டேன். அப்போது உங்கள் போன் விஜய் கையில் இருந்ததாம். நீங்கள் ஆட்டத்தில் இருந்தீர்களாம். வீட்டிலிருந்து ஏதோ அவசரம் என்று நினைத்து, உங்களுக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்துவிட்டாராம். மைதானமே கேட்டது. நீங்கள் பந்தைக் கீழே வைத்துவிட்டு, குழாயடியில் போய்க் காலைக் கழுவிக்கொண்டே நெடுநேரம் நின்றீர்களாம். அடுத்த ஞாயிறே வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்கள். மூன்று மாதமாக ஒரு ஞாயிறு கூட விடவில்லை. வேலை அதிகம் என்று நீங்கள் சொன்னதை நம்பி, நல்லதுதான் என்று சொன்ன புத்திசாலி நான்.

"வேற இன்னாக்கா கீது அங்க? கடைத்தெருவுக்குப் போனா கையில இருக்கிறது போயிடும், கட்டில்ல படுத்தா வூட்டு நெனப்பு. அந்த ரெண்டு மணி நேரப் பந்துதான்" என்றார் விஜய். அதைத்தான் நான் பிடுங்கிவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமை. என்னோடு போனில் பேசும்போது ஒருநாளும் நீங்கள் அப்படிச் சிரித்ததில்லை.

விஜய் சொன்னதிலிருந்து நான் நானாக இல்லை. காலையில் பாப்பாவுக்குப் பள்ளிக்கூட பெல்ட் மாட்டினால் அதன் கொக்கியை இழுத்துப் பார்க்கிறேன். இரண்டு தடவை சரிபார்க்கிறேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நேரங்கெட்ட நேரத்தில் போன் அடித்தால் எடுக்கப் பயந்து அத்தையிடம் கொடுக்கிறேன்.

பார்சலில் பருப்புப்பொடி இருக்கிறது. கருவாடு நாறும் என்று விஜய் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அடியில் ஒரு துணிப்பையில் நீங்கள் விட்டுப்போன முட்டி கேப் இரண்டும் இருக்கிறது. துவைத்து வைத்திருக்கிறேன். உங்களை நான் முதல்முதலில் பார்த்தது அதைப் போட்டுக்கொண்டு தண்ணீர் வற்றிய ஏரி உள்வாயில் ஆடியபோதுதான், நினைவிருக்கிறதா?

கூட ஒரு தாள் இருக்கிறது. அது உங்களுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் விஜய் படிப்பார். அன்றைக்கு மட்டும் எனக்காகப் போய் நில்லுங்கள். கர்த்தர் உங்கள் காலைக் கல்லில் இடறாமல் காக்கட்டும்.

உங்கள்
சுகிர்தா

*

மைதானத்தில் இருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு,

டேனியல் மனைவி சுகிர்தாவின் வணக்கம். ஐப்பசியில் நான் பேசியதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். அதனால் இதையும் எல்லோரும் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் பேசியது தப்பு. என் வீட்டுக்காரர் வெட்கப்படும்படி எதுவும் செய்யவில்லை. வெட்கப்பட வேண்டியவள் நான். இனி அவர் ஆடும் வீடியோ வந்தால், கால்வாயில் நானே எல்லோருக்கும் காட்டுவேன்.

அவர் பிடிவாதக்காரர். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்றால் இரண்டு பேர் போய்க் கையைப் பிடித்து இழுத்து வாருங்கள். மற்ற நாளில் அவர் மேலே ஏறும்போது, பக்கத்தில் இருப்பவர் யாராவது அவர் கொக்கியை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இங்கிருந்து என் கை எட்டாது.

இப்போது அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் நிற்பார். படித்தது போதும் தம்பி விஜய், பந்தை அவர் கையில் கொடு.

உங்கள் சகோதரி,
சுகிர்தா